இடித்ததை எங்கே சேர்ப்பது? வாசகர் கேள்விகளும் பொறியாளர் பதில்களும்

சென்னையில் வீடு இடிப்பதும் புதுப்பிப்பதும் ஆண்டு முழுவதும் நடந்துகொண்டே இருக்கிறது. கட்டுமானக் கழிவு தொடர்பான மத்திய அரசின் விதிகள் 2025-இல் மாற்றி எழுதப்பட்டுள்ளன. மாநகராட்சியின் சேகரிப்புச் சேவைகளும் மாறிவருகின்றன. இதையொட்டி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்குக் கட்டடப் பொறியாளர் ஒருவர் இந்தப் பகுதியில் பதில் தருகிறார்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் குளியலறை ஒன்றின் டைல்ஸை மாற்றுகிறோம். வெளியே வரும் ரப்பீஷை இரவு நேரத்தில் தெருமுனை மின்பெட்டிக்கு அருகே போட்டுவிட்டால் யாராவது எடுத்துப்போய்விடுவார்கள் என்கிறார் மேஸ்திரி. கொஞ்சம்தானே வரும் என்கிறார். மாநகராட்சியிடம் சொன்னால் எடுப்பார்களா?
— வாசகி, மேற்கு மாம்பலம்

கொஞ்சம்தான் வரும் என்பதை முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டுக்கு ஐந்து அடி அளவுள்ள குளியலறையில் தரையும், ஏழடி உயரம் வரை சுவர்களும் சேர்ந்தால் கதவு இடம் போக ஏறக்குறைய 200 சதுர அடி டைல்ஸ் இருக்கும். டைல்ஸின் எடையைவிட அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் சிமென்ட் கலவையின் எடைதான் அதிகம். இரண்டையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 60 கிலோ என்று வைத்தால், அந்த ஒரே குளியலறையிலிருந்து ஒரு டன்னுக்கு மேல் கழிவு வரும். மாடி வீடுகளில் குளியலறைத் தரைக்குக் கீழே தளத்தைத் தாழ்த்திச் செங்கல் ஜல்லி கொட்டி நிரப்பியிருப்பார்கள். நீர்க்கசிவைச் சரிசெய்வதற்காக அதையும் தோண்டினால் இன்னும் ஒன்றரை டன் கூடும். சிமென்ட் மூட்டைச் சாக்கில் ஆள் தூக்கக்கூடிய அளவுக்கு நிரப்பினால் ஒரு டன்னுக்கு 25 முதல் 30 சாக்குகள் தேவைப்படும். இத்தனை சாக்குகளை மின்பெட்டிக்கு அருகே அடுக்கிவிட்டுப் போனால், ஒரே வாரத்தில் அந்த இடம் தெருவுக்கே குப்பைமேடாகிவிடும்.

மாநகராட்சி எடுத்துக்கொள்ளும். 1913 என்ற எண்ணிலோ நம்ம சென்னை செயலியிலோ பதிவு செய்து, முகவரியையும் தோராய அளவையும் சொல்ல வேண்டும். ஒரு டன்னுக்குள் அடங்கும் சிறு கழிவைக் கட்டணமின்றி எடுப்பதும், அதைத் தாண்டினால் டன் கணக்கில் கட்டணம் வாங்குவதும் இப்போதைய ஏற்பாடு. கட்டண விகிதம் மாமன்றத் தீர்மானங்களால் அவ்வப்போது மாற்றப்படுவது. ஆகவே வேலை தொடங்குவதற்கு முன்பே அன்றைய விகிதத்தைக் கேட்டுக்கொண்டு, அந்தத் தொகையையும் வேலையின் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். வண்டி வரும் வரை சாக்குகள் உங்கள் வளாகத்துக்குள் இருக்கட்டும். மழைநீர் வடிகாலின் மூடி மேலோ, தெருவோரத்தில் நீர் இறங்கும் துளையின் அருகிலோ வைக்கவே கூடாது. அங்கே வைத்த ஈரக் கலவையை ஒரு மழை கரைத்து உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தால், அது வடிகாலுக்குள் கெட்டித்து நின்றுவிடும். பிறகு கடப்பாரை போட்டுத்தான் பெயர்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: 1950-களில் கட்டிய எங்கள் தாத்தா வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறோம். சுமார் ஆயிரம் சதுர அடி, மரக் கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. இடிக்க வரும் ஒப்பந்தக்காரர் எங்களிடம் பணம் கேட்கவில்லை. அவரே ஒரு தொகை தருவதாகவும், எல்லாவற்றையும் காலிசெய்து தரையைச் சமமாக்கித் தருவதாகவும் சொல்கிறார். இதில் நாங்கள் கவனிக்க வேண்டியது என்ன?
— வாசகர், பெரம்பூர்

அவர் பணம் தருவதில் வியப்பு ஒன்றுமில்லை. அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ் வீட்டில் கூரையைத் தாங்கும் உத்திரங்களும் அவற்றின் மேல் கிடக்கும் கட்டைகளும் பெரும்பாலும் தேக்கு. நிலை, கதவு, சன்னல்களும் அப்படியே. இரும்புக் கிராதி, பித்தளைக் கைப்பிடி, பழைய தரைக் கற்கள் என ஒவ்வொன்றுக்கும் வாங்குபவர் இருக்கிறார். அவருடைய லாபம் முதல் நான்கைந்து நாள்களிலேயே மரமாகவும் இரும்பாகவும் வெளியேறிவிடும். அதன் பிறகு மிஞ்சுவது செங்கல் தூளும் சுண்ணாம்புக் காரையும் மண்ணும்தான். அவற்றை ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு லோடும் அவருக்குச் செலவு. எங்கே கொட்டினால் டீசல் குறைவாக ஆகும் என்ற கேள்வி அந்த இடத்தில்தான் பிறக்கிறது. ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டியது வேலையின் தொடக்கத்தை அன்று, அதன் பின்பாதியை.

அளவைப் பாருங்கள். இந்தியாவில் இத்துறையில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் கணக்கின்படி, பக்கா கட்டடத்தை இடித்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ கழிவு வரும். ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஆக ஏறத்தாழ 46 டன். தடித்த சுவர்களைக் கொண்ட பழைய வீட்டில் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்; ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மட்டும் பத்துக்குப் பத்து அடிக்கு நான்கு டன் எடை வரும். 2016-ஆம் ஆண்டின் கட்டுமான, இடிப்புக் கழிவு மேலாண்மை விதிகள் ஒரே நாளில் 20 டன் அல்லது ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன் என்ற அளவை எட்டுபவர்களைப் பெரிய அளவில் கழிவு உண்டாக்குபவர்களாகக் கருதின. கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-கலவை என நான்காகப் பிரிப்பதும், கழிவை என்ன செய்யப்போகிறோம் என்ற திட்டத்தை முன்கூட்டியே உள்ளாட்சி அமைப்பிடம் கொடுத்து ஒப்புதல் பெறுவதும் அந்த விதிகளின்படி அவர்களின் கடமை. பொக்லைன் வைத்து இரண்டே நாளில் வீட்டைத் தரைமட்டமாக்கினால் உங்கள் வீடும் அந்த அளவைத் தொட்டுவிடும்.

ஆனால் பழைய வீட்டைப் பொக்லைன் வைத்து இடிப்பதே எனக்கு உடன்பாடில்லாத செயல். சுண்ணாம்புக் கலவையில் கட்டிய சுவருக்கு ஒரு நல்ல குணம் உண்டு: கலவை செங்கல்லைவிட மென்மையானது என்பதால், கையால் பிரித்து, கொத்துக் கரண்டியின் விளிம்பால் நான்கு தட்டுத் தட்டினால் செங்கல் முழுசாகக் கிடைக்கும். சிமென்ட் கலவையில் கட்டிய சுவரில் கலவை விடாது, செங்கல்தான் உடையும். உங்கள் வீட்டுச் செங்கல்லில் கணிசமான பகுதியைச் சுற்றுச்சுவருக்கோ தோட்டப் பாதைக்கோ மீண்டும் பயன்படுத்தலாம், அல்லது விற்கலாம். கூரையை முதலில் பிரிப்பது, பிறகு மரம், பிறகு நிலைகள், கடைசியாகச் சுவர் என்று மேலிருந்து கீழாக ஆள் வைத்து இறக்கினால் நாள் கூடும், கூலியும் கூடும். வெளியே போக வேண்டிய லோடு குறையும்.

ஒப்பந்தத்தை வாய்மொழியாக வைத்துக்கொள்ளாமல், சில வரிகளை எழுத்தில் வாங்கிவிடுங்கள். கழிவு மாநகராட்சி குறித்துள்ள சேகரிப்பு இடத்துக்கோ, கொடுங்கையூர் அல்லது பெருங்குடியில் உள்ள கட்டடக் கழிவு மறுசுழற்சி ஆலைக்கோ மட்டுமே போக வேண்டும். ஒவ்வொரு லோடுக்கும் வண்டி எண், தேதி, எடை ஆகியவை உள்ள எடைச்சீட்டு உங்கள் கையில் வர வேண்டும். எல்லாச் சீட்டுகளும் வந்த பிறகே அவர் முன்பணமாக வைத்த ஒரு தொகை திரும்பக் கிடைக்கும். அவர் உங்களுக்குத் தருவதாகச் சொன்ன பணத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாவது இந்த நிபந்தனையை ஏற்கச் செய்யுங்கள். சீட்டு இல்லாத லோடு எங்கே போனது என்று பின்னால் கேள்வி எழுந்தால், லாரிக்காரரைத் தேடிக் கண்டுபிடிப்பதைவிட இடித்த வீட்டின் உரிமையாளரைக் கண்டுபிடிப்பது எளிது.

கேள்வி: புதிய விதிகள் வந்துவிட்டன, இனி வீடு கட்டுபவர்கள் எல்லாம் இணையத்தில் பதிவு செய்து மறுசுழற்சிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. தரைத்தளமும் முதல்தளமும் மட்டும் கட்டுகிறோம். எங்களுக்கும் பொருந்துமா?
— வாசகர், வேளச்சேரி

அந்தப் பதிவு உங்களுக்குப் பொருந்தாது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஏப்ரலில் அறிவித்த விதிகள் 2016 விதிகளுக்கு மாற்றாக வருபவை. அமலுக்கு வரும் நாளாக 2026 ஏப்ரல் 1 குறிக்கப்பட்டது. உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு என்று அழைக்கப்படும் புதிய கடமை 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல் கட்டடப் பரப்பு உள்ள திட்டங்களுக்கு உரியது. நமக்குப் பழகிய கணக்கில் அது 2 லட்சத்து 15 ஆயிரம் சதுர அடி: பெரிய அடுக்ககத் தொகுதிகள், வணிக வளாகங்கள், தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள். அவற்றைக் கட்டுபவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிவு செய்து, தங்கள் கழிவில் 25 சதவிகிதத்தில் தொடங்கிப் படிப்படியாக 100 சதவிகிதம் வரை மறுசுழற்சிக்குச் சென்றதைக் காட்ட வேண்டும். மறுசுழற்சிப் பொருளைக் கட்டுமானத்தில் பயன்படுத்தவும் இலக்கு உண்டு.

உங்கள் வீட்டுக்குப் பதிவு இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடாது. கழிவைப் பிரித்து உரிய இடத்தில் சேர்ப்பதும், போக்குவரத்துக்கும் வடிகாலுக்கும் தடையாகப் போடாமல் இருப்பதும் 2016 முதலே சிறிய வீட்டுக்காரர் உட்பட எல்லோருக்கும் உள்ள கடமை. அதற்கு முன்பு கட்டடக் கழிவு 2000-ஆம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகளுக்குள் ஓரிரு வரிகளாக அடங்கியிருந்தது; வீட்டுக் குப்பையும் செங்கல் தூளும் ஒரே கிடங்குக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: எங்கள் மனை சாலையைவிட மூன்றடி பள்ளமாக இருக்கிறது. கிராவல் மண் விலை ஏறிவிட்டதால், இடிபாட்டுக் கழிவைக் கொட்டி நிரப்பித் தருகிறோம், லோடுக்கு இவ்வளவு கொடுத்தால் போதும் என்று ஒருவர் வருகிறார். வாங்கலாமா?
— வாசகர், மேடவாக்கம்

வாங்காதீர்கள் என்பதே என் ஆலோசனை. அதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, அந்த லோடில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. மேலே செங்கல் தெரியும். அடியில் பொய்க்கூரையின் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பலகையும், ஒட்டுப்பலகைத் துண்டும், பிளாஸ்டிக் குழாயும், பெயின்ட் டப்பாவும் கிடக்கும். மரம் மண்ணுக்குள் போனால் கரையான் வரும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பது ஜிப்சம். நிலத்தடி ஈரத்தில் அது கரைந்து சல்பேட்டாக அடித்தளக் கான்கிரீட்டைத் தாக்கும். பெரிய கான்கிரீட் கட்டிகளுக்கு நடுவே வெற்றிடம் நிற்கும். நான்கு மழைக்காலம் கழித்து மண் அந்த வெற்றிடங்களுக்குள் இறங்கும்போது, மேலே போட்ட தரை விரிசல் விடும். இடிபாட்டை நிரப்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் சொந்த வீட்டை இடித்து, அதில் சுத்தமான செங்கல்லையும் கான்கிரீட்டையும் மட்டும் கைப்பிடிக்குள் அடங்கும் அளவுக்கு உடைத்து, ஆறு அங்குல அடுக்குகளாகப் போட்டுத் தண்ணீர் விட்டுத் திமிசு அடித்து, அதே மனையின் பேஸ்மட்டத்தில் நிரப்பினால் அது நல்ல வேலை. உடைத்த இடத்திலேயே பயன்படுத்துவதைவிடச் சிக்கனமான மறுசுழற்சி வேறில்லை. ஊர் பேர் தெரியாத லோடு விஷயத்தில் இந்த உத்தரவாதம் எதுவும் கிடையாது.

இரண்டாவது, உங்கள் பகுதி. மேடவாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி ஆகியவை தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் கடலுக்குப் போகும் வழியில் உள்ளவை. அந்த நீரையெல்லாம் வாங்கிக்கொள்ளும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்றது. பட்டியலில் உள்ள பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். முன்பு பரந்து கிடந்த சதுப்பில் எஞ்சியிருக்கும் ஒரு பகுதியே அது. மிச்சம் பறிபோனதில் குடியிருப்புகளுக்கும் சாலைகளுக்கும் குப்பைக் கிடங்குக்கும் பங்கு இருப்பதைப் போலவே, இரவில் ஒவ்வொரு லாரியாக வந்து கொட்டிய இடிபாட்டுக்கும் பங்கு உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எந்தெந்தத் தெருக்களில் தண்ணீர் பல நாள் நின்றது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கழிவைப் பொடியாக்கும் பெருங்குடி ஆலையும் அந்தச் சதுப்பின் விளிம்பில் உள்ள கிடங்கு வளாகத்திலேயே அமைந்திருப்பது நம் நகரத் திட்டமிடலின் விந்தைகளில் ஒன்று.

மனையின் மட்டத்தை உயர்த்தியே தீர வேண்டுமென்றால், பட்டாவில் உள்ள வகைப்பாட்டையும் அருகில் வாய்க்கால் இருக்கிறதா என்பதையும் கிராம வரைபடத்தில் பார்த்த பிறகு, வீடு வரும் பகுதியில் மட்டும் பேஸ்மட்டத்தை உயர்த்துங்கள். மனை முழுவதையும் உயர்த்தினால் உங்கள் மழைநீர் பக்கத்து வீட்டுக்குப் போகும்.

கேள்வி: பழைய கட்டடக் கழிவிலிருந்து ஜல்லியும் மணலும் எடுப்பதாகச் சொல்கிறார்கள். ஆலையில் என்னதான் செய்கிறார்கள்? அந்த ஜல்லியை வைத்துத் தளம் போட்டால் நிற்குமா? எங்கள் மேஸ்திரி சிரிக்கிறார்.
— வாசகி, அம்பத்தூர்

மேஸ்திரியின் சிரிப்பில் பாதி நியாயம் இருக்கிறது.

சென்னை மாநகராட்சிக்குக் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் தலா 400 டன் நாளொன்றுக்குப் பதப்படுத்தும் திறனுள்ள இரண்டு ஆலைகள் உள்ளன. இத்தகைய ஆலைக்கு வரும் லாரி முதலில் எடைமேடையில் ஏறும். கொட்டிய குவியலிலிருந்து மரம், துணி, பிளாஸ்டிக் ஆகியவற்றை ஆட்கள் கையால் பொறுக்குவார்கள். பெரிய கான்கிரீட் கட்டிகளைப் பொக்லைனில் பொருத்திய உடைப்பான் உடைக்கும். பிறகு தாடை போன்ற அரவை எந்திரம் அவற்றை நொறுக்க, ஓடும் பட்டைக்கு மேலே தொங்கும் காந்தம் கம்பித் துண்டுகளை இழுத்துக்கொள்ள, அதிரும் சல்லடைகள் அளவு வாரியாகப் பிரிக்கும். ஈரமுறையில் இயங்கும் ஆலைகளில் பொருளைத் தண்ணீரில் அலசி, மணலோடு ஒட்டியிருக்கும் களிமண்ணையும் நுண்தூளையும் நீக்குகிறார்கள். நம் ஊர்க் கழிவில் மண் மிகுதி என்பதால் இந்த அலசல் இல்லாமல் கிடைக்கும் மணல் எதற்கும் உதவாது. தில்லியில் 2009-இல் புராரியில் தொடங்கிய, நாட்டின் முதல் ஆலையிலும் அடிப்படையில் இதே முறைதான்.

இனி வலிமைக்கு வருவோம். புதுக் கருங்கல் ஜல்லி, எடையில் ஒரு சதவிகிதத்துக்கும் குறைவாகவே தண்ணீர் குடிக்கும். உடைத்த கான்கிரீட்டிலிருந்து வரும் ஜல்லியின் மேல் பழைய சிமென்ட் கலவை ஒட்டியிருப்பதால் அது பல மடங்கு கூடுதலாகக் குடிக்கும். மேஸ்திரி வழக்கமான அளவில் தண்ணீர் ஊற்றினால் கலவை வறண்டுபோகும். அதைச் சரிக்கட்ட அவர் குழாயைத் திறந்துவிட்டால் வலிமை போய்விடும். ஜல்லியை முன்கூட்டியே நனைத்துவைத்து, கலவை விகிதத்தைச் சோதனைக்கூடத்தில் முடிவு செய்தால்தான் சரிவரும். இதை மனத்தில் வைத்தே, கான்கிரீட்டுக்கான ஜல்லி, மணல் பற்றிய ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரநிலை 2016-இல் திருத்தப்பட்டபோது எல்லை வகுத்தது. உடைத்த கான்கிரீட்டிலிருந்து பெறும் ஜல்லியைக் கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவிகிதம் வரையும், கம்பிக் கான்கிரீட்டில் எம்-25 என்ற வலிமைத் தரம் வரை மட்டும் 20 சதவிகிதமும், சிமென்ட் குறைவாகச் சேர்க்கும் மெலிந்த கான்கிரீட்டில் 100 சதவிகிதமும் சேர்க்கலாம். செங்கல், ஓடு எல்லாம் கலந்த இடிபாட்டின் ஜல்லிக்கோ மெலிந்த கான்கிரீட் மட்டுமே கதி. கம்பிக் கான்கிரீட்டில் அதற்கு இடமே இல்லை.

ஆகவே, மாடித் தளத்துக்கு அதை வாங்க நினைப்பதை விடுங்கள். அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் படுகைக் கான்கிரீட், தரைக்கு அடியில் உள்ள நிரப்பு, வாகனம் நிறுத்தும் இடத்தின் பேவர் பிளாக், சாலையோர விளிம்புக் கல், பாதையின் அடிப்படுகை ஆகியவற்றுக்குத் தயங்காமல் வாங்கலாம். பேவர் பிளாக் என்றால் அதற்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 15658-இன்படி செய்த சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஓர் ஆலை தரும் பொருளின் தரம் அதற்கு வரும் கழிவின் தரத்தைத் தாண்டாது. கான்கிரீட்டைத் தனியாகவும் செங்கல்லைத் தனியாகவும் அனுப்பினால் 20 சதவிகிதத்துக்குத் தகுதியான ஜல்லி கிடைக்கும். இரண்டையும் ஒரே லாரியில் ஏற்றிய அந்தக் கணத்திலேயே முழு லோடும் தரம் இறங்கிவிடுகிறது. எந்திரத்தால் இதைப் பின்னால் சரிசெய்ய முடியாது. அரசும் உள்ளாட்சிகளும் தங்கள் ஒப்பந்தங்களில் 10 முதல் 20 சதவிகிதம் வரை மறுசுழற்சிப் பொருளை எடுக்க வேண்டும் என்று 2016 விதிகள் சொல்லியும், பொறியாளர்கள் அதை எழுதத் தயங்கியதற்கு இந்தத் தர ஏற்ற இறக்கமே முதன்மைக் காரணம் என்பது என் கணிப்பு.

கேள்வி: மாடியில் உள்ள பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கொட்டகையைப் பிரிக்கிறோம். அதையும் ரப்பீஷோடு அனுப்பலாமா?
— வாசகர், குரோம்பேட்டை

அனுப்பக் கூடாது. முழு ஷீட்டாக இருக்கும்வரை அதன் நார் சிமென்ட்டுக்குள் கட்டுண்டிருக்கிறது. சுத்தியால் உடைத்தாலோ, அரவை எந்திரத்துக்குள் போனாலோ, அது காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போகும். போல்ட்டுகளைக் கழற்றி, ஷீட்டைத் தண்ணீரால் நனைத்து, உடைக்காமல் கயிறு கட்டி இறக்குங்கள். வேலை செய்பவர்களுக்குத் துணி அன்று, நல்ல வடிகட்டி முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். குரோம்பேட்டை தாம்பரம் மாநகராட்சிக்குள் வருவதால் அங்கே பதியுங்கள்; பதியும்போதே ஆஸ்பெஸ்டாஸ் என்று தனியாகச் சொல்லி, தனியாகவே ஒப்படையுங்கள்.

கேள்வி: வீட்டைப் புதுப்பிக்கும்போது பழைய சோபா, மெத்தை, உடைந்த அலமாரி எல்லாம் மிஞ்சுகின்றன. கட்டடக் கழிவு வண்டிக்காரர் எடுக்க மறுக்கிறார்.
— வாசகி, அசோக் நகர்

அவர் மறுப்பது சரி; அவை கட்டடக் கழிவு அல்ல. பழைய சோபா, மெத்தை, துணி போன்றவற்றை வீட்டுக்கே வந்து எடுக்க மாநகராட்சி 2025 அக்டோபரில் சனிக்கிழமைச் சேவை ஒன்றைத் தொடங்கியது. 1913-இலோ நம்ம சென்னை செயலியிலோ முன்பதிவு செய்ய வேண்டும்.

கேள்வி: வரி கட்டுகிறோம், கட்டட அனுமதிக்கும் கட்டணம் கட்டுகிறோம். கழிவுக்கும் தனியாகப் பணம் கேட்பது நியாயமா? கட்டணம் வைத்தால் மக்கள் இன்னும் அதிகமாகத் தெருவில் கொட்ட மாட்டார்களா? வெளிநாடுகளில் எப்படி?
— வாசகர், கோயம்புத்தூர்

இரண்டாவது கேள்வியின் அச்சம் நியாயமானது என்பதால் ஓர் ஊரின் அனுபவத்தைச் சொல்கிறேன். இடம் மிகக் குறைந்த ஹாங்காங்கில் 2006 ஜனவரி முதல் கட்டுமானக் கழிவுக்குக் கட்டணம் வாங்குகிறார்கள். அந்தக் கட்டணத்தின் அமைப்பில்தான் சூட்சுமம். மண், கல், கான்கிரீட் மட்டுமே உள்ள சுத்தமான லோடு, நிலநிரப்புக்குப் பயன்படும் பொருளாகத் தனி நிலையத்துக்குப் போகும். தொடக்கத்தில் அதற்கு டன்னுக்கு 27 ஹாங்காங் டாலர். எடையில் பாதிக்கு மேல் அத்தகைய பொருள் இருந்து, மற்றவையும் கலந்திருந்தால் பிரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே 100 டாலர். அதைவிடக் கலப்படமான லோடு குப்பைப் புதைகிடங்குக்குத்தான் போகும். அங்கே 125 டாலர். 2017 ஏப்ரலில் இவை முறையே 71, 175, 200 டாலராக உயர்ந்தன. பிரித்துக் கொண்டுவந்தவருக்கும் கலந்து கொண்டுவந்தவருக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, பிரிக்கும் கூலி ஒப்பந்தக்காரருக்குச் செலவாகத் தெரிவதில்லை, மிச்சமாகத் தெரிகிறது. அத்துடன், 10 லட்சம் ஹாங்காங் டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள வேலையை எடுத்த முதன்மை ஒப்பந்தக்காரர், ஒப்பந்தம் கிடைத்த 21 நாளுக்குள் அரசிடம் கழிவுக் கணக்கு ஒன்றைத் திறக்க வேண்டும். கட்டணம் லாரி ஓட்டுநரின் பையிலிருந்து போகாமல் அந்தக் கணக்கிலிருந்து போகும். ஓட்டுநருக்கு வழியில் எங்கேயாவது கொட்டிவிட்டுப் பணத்தை மிச்சம் பிடிக்கும் ஆசை வராமலிருக்க இது முக்கியமான தடுப்பு. அப்படியும் அங்கே திருட்டுத்தனமாகக் கொட்டுவது அடியோடு ஒழிந்துவிடவில்லை.

நம் ஊரில் கட்டணம் டன் கணக்கில் இருக்கிறதே தவிர, பிரித்த லோடுக்கும் கலந்த லோடுக்கும் இடையே ஒருவர் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு வேறுபாடு இல்லை. சென்னையோ கோவையோ, அடுத்த திருத்தத்தில் முதலில் செய்ய வேண்டியது இதுவே என்று நான் கருதுகிறேன். நியாயமா என்ற கேள்விக்கு வருவோம்: கழிவுக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். மேஸ்திரியின் கணக்கில் ‘ரப்பீஷ் வண்டி’ என்று ஒரு வரி இல்லாத வீட்டு வேலையை நான் பார்த்ததில்லை. அந்தப் பணம் ரசீதில்லாமல் போகிறது. கழிவு எங்கே போயிற்று என்பதற்கும் பதில் இல்லை. ரசீதோடு கொடுக்கும் பணத்துக்கு எடைச்சீட்டாவது கிடைக்கும். வீட்டு வரியில் வீட்டுக் குப்பை அடங்கும். 46 டன் செங்கல்லை, வீடே இடிக்காத அண்டைவீட்டுக்காரரின் வரிப்பணத்தில் அள்ளச் சொல்வது அவருக்கு நியாயமாக இராது.

கேள்வி: சொந்தமாக ஒரு குட்டி யானை வண்டி வைத்து ஓட்டுகிறேன். சின்ன வேலைகளின் ரப்பீஷை ஏற்றுகிறேன். தெருவில் கொட்டினால் அபராதம், வண்டி பறிமுதல் என்கிறார்கள். ஆனால் கொடுங்கையூர் வரை போய்வந்தால் எனக்கு அன்றைய கூலியே மிஞ்சாது. என்ன செய்யச் சொல்கிறீர்கள்?
— வாசகர், ஆவடி

நீங்கள் சொல்லும் தூரம்தான் இந்த ஏற்பாட்டின் பலவீனமான கண்ணி. நகரத்தின் வடக்கில் ஓர் ஆலை, தெற்கில் ஓர் ஆலை. மேற்கில் வேலை செய்பவர் இரண்டுக்கும் நெரிசலைக் கடந்துதான் போக வேண்டும். முக்கால் டன் ஏற்றும் வண்டியில் அப்படிப் போவது கட்டுப்படியாகாது என்பதை மறுக்க முடியாது. சிறு வண்டிகளுக்காகவே சென்னை மாநகராட்சி மண்டலந்தோறும் சேகரிப்பு இடங்களைக் குறித்திருக்கிறது. அங்கே இறக்கினால், பெரிய லாரியில் ஆலைக்குக் கொண்டுபோவது அவர்கள் பொறுப்பு. நீங்கள் வேலை எடுக்கும் மண்டலத்தின் இடம் எது, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை திறந்திருக்கும், என்ன கட்டணம் என்பதை மண்டல அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆவடி தனி மாநகராட்சி என்பதால், அந்த எல்லைக்குள் ஏற்றும் லோடுக்கு அங்குள்ள அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும். சென்னையின் சேகரிப்பு இடத்தில் அதை ஏற்க மறுக்கலாம்.

வாடகையைப் பேசும்போது ஏற்றுக்கூலி, ஓட்டம், இறக்கும் இடத்துக் கட்டணம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லி, மூன்றாவதற்கு ரசீது தருவதாகச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் பேரம் பேசினால் முதல் இரண்டில் பேசட்டும். அடுத்தடுத்த தெருக்களில் வேலை நடந்தால், ஒவ்வொரு வீட்டின் செங்கல்லையும் டைல்ஸையும் தனித்தனிச் சாக்கில் கட்டச் சொல்லி, ஒரே நாளில் சேர்த்து எடுத்துப்போங்கள். சாக்கில் கட்டியிருந்தால் இறக்குவதற்கு அரைமணி நேரம்கூட ஆகாது. சேகரிப்பு இடம் பூட்டிக் கிடந்தாலோ, இடமில்லை என்று திருப்பி அனுப்பினாலோ, அங்கேயே நின்று தேதியும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து 1913-இல் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். லோடோடு திரும்பும் வழியில் யாராவது வண்டியை நிறுத்திக் கேட்டால் காட்டுவதற்கு அந்த எண் உதவும்.